வைக்கத்தின் நான்கு வீதிகள்

குழந்தைகளுக்குப் பூகோளம் கற்பிக்கும் முறையைப் பற்றி நமக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. தேசப்படத்தைச் சுவரில் மாட்டி, "இது கோதாவரி, இது விந்திய மலை, இது வேம்பநாட்டுக் காயல்" என்று கோலால் தொட்டுக் காட்டுகிறோம். குழந்தைகளும் கிளிப்பிள்ளைகளைப் போல் ஒப்பிக்கிறார்கள். சரித்திரம் என்பது வேறொரு புத்தகம். அதற்கு வேறு உபாத்தியாயர், வேறு மணி. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. தேசப்படத்தில் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கும் ரஸ்தாவில் யார் நடந்தார்கள், யாரை நடக்கவிடவில்லை என்று எந்த உபாத்தியாயரும் கேட்பதாகத் தெரியவில்லை. எந்தத் தேசப்படமும் தானாகச் சொல்வதாகவும் தெரியவில்லை.

இந்த இரண்டு பாடங்களையும் ஒரே நாளில், காலால் நடந்தே கற்றுக்கொள்ளக் கூடிய ஊர் ஒன்று இருக்கிறது. கேரளத்தில், கோட்டயம் ஜில்லாவைச் சேர்ந்த வைக்கந்தான் அது. ஊர் பெரிதல்ல. மேற்கே ஒரு காயல், நடுவே ஒரு சிவன் கோவில், கோவிலைச் சுற்றி நான்கு வீதிகள். அவசரக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த நான்கு வீதிகளிலும் எல்லோரும் நடக்க வேண்டும் என்பதற்காக 1924-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி தொடங்கிய சத்தியாக்கிரகம் 600 நாட்களுக்கு மேல் நடந்தது என்று தெரிந்தவர்கள் அவ்வளவு அவசரப்பட மாட்டார்கள்.

சென்ற அரைப் பரீட்சை விடுமுறையில் மதுரையிலிருந்து நமது சகோதரியின் குழந்தைகள் மூவரை அங்கே அழைத்துச் சென்றோம். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, அடுத்தவன் பத்து, கடைக்குட்டிக்கு ஏழு. ஆளுக்கொரு கோடு போடாத நோட்டுப் புத்தகமும் பென்சிலும், மூவருக்கும் பொதுவாக ஒரு திசைகாட்டியும் வாங்கிக் கொடுத்திருந்தோம். திசைகாட்டி யார் கையில் இருப்பது என்பதில் எர்ணாகுளம் வரையில் சச்சரவு தீரவில்லை.

எர்ணாகுளத்திலிருந்து பஸ்ஸில் நேராகவே வைக்கம் போய்விடலாம். நாம் அப்படிப் போகவில்லை. ரயிலில் சேர்த்தலைக்குச் சென்று, அங்கிருந்து தவணக்கடவு என்னும் துறைக்குப் போய், காயலைப் படகில் கடந்தோம். இந்தச் சுற்று வழிக்குக் காரணம் உண்டு. ஓர் ஊருக்கு ஒரு காலத்தில் மனிதர்கள் எந்த வழியாக வந்தார்களோ அந்த வழியாகவே நாமும் வந்தால்தான் அந்த ஊரின் அமைப்பு புரியும் என்பது நமது அபிப்பிராயம். ரயிலும் பஸ்ஸும் வருவதற்கு முன் இந்தப் பிரதேசத்துக்கெல்லாம் ராஜபாட்டை தண்ணீர்தான். 1925 மார்ச்சு 9-ந் தேதி மகாத்மா காந்தி வைக்கத்துக்கு வந்ததும் படகில்தான். பஸ் நிலையத்தில் இறங்குகிறவனுக்கு வைக்கம் ஒரு கடைத்தெரு. படகுத்துறையில் இறங்குகிறவனுக்கோ அது கிழக்கு நோக்கி வீற்றிருக்கும் ஒரு கோவிலின் ஊர்.

2017 முதல் இந்தத் துறைகளுக்கிடையே 'ஆதித்யா' என்னும் படகு சூரிய ஒளியின் சக்தியால் ஓடத் தொடங்கியது. எண்ணெய்ப் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. பையனுக்கு மகாத்மாவைவிடப் படகின் கூரையில் பதித்திருந்த தகடுகளிடத்தில்தான் பக்தி அதிகமாயிருந்தது. அதை நாம் குறுக்கிடவில்லை. நடுக்காயலில் திசைகாட்டியைப் பார்த்து, "மாமா, நாம் கிழக்கே போகிறோம்" என்று அவன் தானாகவே கூவினான். தேசப்படத்தில் நீல நிறத் துண்டாகப் பார்த்திருந்த வேம்பநாட்டுக் காயல் அந்த நிமிஷத்தில்தான் அவனுக்குத் தண்ணீராயிற்று.

வைக்கத்தப்பன் கோவிலின் வளாகம் சுமார் 8 ஏக்கர் விஸ்தாரமுடையது. கர்ப்பக்கிருகம் பார்வைக்கு வட்டமாகத் தோன்றும். உண்மையில் முட்டை வடிவம். கார்த்திகை மாதத்தில் நடக்கும் வைக்கத்து அஷ்டமி கேரளமெங்கும் பிரசித்தமானது. இந்தச் சுவாமியை 'அன்னதானப் பிரபு' என்று சொல்லுவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அன்னமிடுவது இங்கே பெரிய வழிபாடு. வந்தவர்கள் என்றால் யார் யார் என்பதுதான் அடுத்தாற்போல் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த விஷயம்.

தரிசனம் ஆன பின் படம் வரையும் வேலை ஆரம்பமாயிற்று. நான்கு வீதிகளையும் காலடியால் அளந்து நோட்டுப் புத்தகத்தில் வரைய வேண்டும் என்பது ஏற்பாடு. மூவரும் எண்ணிக்கொண்டே நடந்தார்கள். முடிவில் பார்த்தால், ஒரே வீதி மூவர் கணக்கிலும் மூன்று நீளமாயிருந்தது! கடைக்குட்டியின் கணக்குப்படி வடக்கு வீதி மற்ற இருவருடைய கணக்கையும்விட எத்தனையோ பெரிது. யார் சொல்வது சரி என்று சண்டை வந்தது. அவரவர் காலுக்கு அவரவர் கணக்குச் சரிதான். ஆனால் படம் ஒன்றாயிருக்க வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று சொன்னோம். வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகு மூத்தவளுடைய காலடியே சர்க்கார் அளவு என்று தீர்மானமாயிற்று. அளவுகோல் என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் முன்பே படித்திருந்தார்கள். அதற்கு அவசியம் என்ன என்பது வைக்கத்துத் தெருவில்தான் தெரிந்தது. பிறகு மூலைக்கு மூலை அடையாளங்களைக் குறித்துக் கொண்டார்கள்: மருந்துக் கடை, வாழைப்பழக் கடை, கோவில் வாசல், படகுத்துறைக்குத் திரும்பும் இடம்.

அடுத்தபடியாக ஒரு விளையாட்டு ஏற்படுத்தினோம். கோவிலுக்கு மேற்கே படகுத்துறைப் பக்கத்திலிருந்து கோவிலுக்குக் கிழக்கே ஒரு கடைக்குப் போக வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: அளந்து வரைந்த அந்த நான்கு வீதிகளில் ஒன்றிலும் கால் வைக்கக் கூடாது.

"கையெதிரே ரஸ்தா இருக்கும்போது எதற்கு இப்படி?" என்றான் பையன். "விளையாட்டென்றால் விளையாட்டுத்தான்" என்றோம். சந்து பொந்துகளில் நுழைந்தார்கள். மூடியிருந்த வழியிலிருந்து திரும்பினார்கள். ஒரு வீட்டு நாய் குரைத்ததால் மறுபடியும் திரும்பினார்கள். டிசம்பர் மாதமானாலும் கடற்கரைச் சீமையின் வெயில் வெயில்தானே! பாதி வழியில் கடைக்குட்டிக்குப் பொறுமை போய்விட்டது. "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சொல்லிக்கொண்டு நேராக வீதியில் ஏறி நின்றாள்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னோம். இந்த நான்கு வீதிகளுக்கும் வரும் பாதைகளில், கோவிலிலிருந்து சற்றுத் தூரத்திலேயே, ஒவ்வொரு திசையிலும் ஒரு பலகை நாட்டியிருந்தது. அதற்குத் 'தீண்டல் பலகை' என்று பெயர். ஈழவரும் புலையரும் அவர்களைப் போன்ற மற்ற ஜாதியாரும் அதைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. கோவிலுக்குள் நுழையக் கூடாது என்பது தனி. இது வெறும் தெருவில் நடப்பதைப் பற்றிய சட்டம். தெருவோ பொதுத் தெரு. திருவிதாங்கூர் சர்க்காரின் செலவில் பராமரிக்கப்பட்டது. அந்தச் சர்க்காருக்கு வரி கொடுத்தவர்களில் பலகைக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தடையின்றி நடக்கலாம். ஆடும் மாடும் நடக்கலாம்.

"நாய்?" என்று கேட்டாள் கடைக்குட்டி. அவளுக்குச் சற்று முன் குரைத்த நாயின் ஞாபகம்.

"நாயும் நடக்கலாம்."

மூத்தவள் சிறிது யோசித்து, "ஈழவர் ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டால்?" என்றாள். மறு நாளே நடக்கலாம் என்றோம். அவள் முகத்தில் தோன்றிய குழப்பத்தைப் பார்த்தபோது, இந்த வழக்கத்தின் நியாயத்தைச் சாஸ்திரங்களிலிருந்து எடுத்துக் காட்ட முயன்ற பண்டிதர்கள் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று.

நிழலில் உட்கார்ந்து மற்றக் கதையையும் சொன்னோம். ஈழவத் தலைவரான டி. கே. மாதவன் 1921-ல் நமது திருநெல்வேலிக்கு வந்து மகாத்மாவைச் சந்தித்து இந்த அநீதியைப் பற்றி முறையிட்டார். 1923-ல் காக்கிநாடாக் காங்கிரஸிலும் இந்தப் பிரச்னையைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் கேரளக் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்புக் கமிட்டி ஒன்றை அமைத்தது. மாதவனும் கே. பி. கேசவ மேனனும் கே. கேளப்பனும் முன்னின்று வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள்.

முதல் நாள் மூன்று தொண்டர்கள் பலகையை நோக்கி நடந்தார்கள். குஞ்ஞாப்பி என்பவர் புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். போலீஸார் ஒவ்வொருவரையும் என்ன ஜாதி என்று கேட்டார்கள். நாயர் போகலாம், மற்ற இருவரும் போகக் கூடாது என்றார்கள். "நான் மட்டும் போவதற்கு வரவில்லை, போனால் மூவரும் போவோம்" என்ற நிலையில் பணிக்கர் உறுதியாக நின்றார். மூவரையும் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்தடுத்து மும்மூன்று பேராகத் தொண்டர்கள் வந்த வண்ணமிருந்தார்கள். ஏப்ரல் 7-ந் தேதி மாதவனும் கேசவ மேனனும் கைதானார்கள். பிறகு சர்க்கார் கைது செய்வதை நிறுத்தி, பாதையின் குறுக்கே தடுப்பு வேலி போட்டது. தொண்டர்கள் வேலியின் எதிரே உட்கார்ந்து ராட்டையில் நூல் நூற்றார்கள்.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் அதற்கு 'தொண்ணூற்று ஒன்பதின் வெள்ளம்' என்றே பெயர். வைக்கத்து வீதிகளிலும் தண்ணீர் ஏறிற்று. தொண்டர்கள் இடுப்பளவு தண்ணீரிலும், சில சமயம் அதற்கு மேலும், மாற்றி மாற்றி நின்றார்கள். காவல் காத்த போலீஸார் படகுகளில் இருந்தார்கள். காலையில் படகில் வந்த குழந்தைகளுக்கு இந்தக் காட்சியை விவரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பையன் எழுந்து தெரு நடுவில் போய், தன் இடுப்பில் கை வைத்துக் காட்டி, "இவ்வளவா?" என்றான். "பெரியவர்களுடைய இடுப்பு" என்றோம். கையை நெற்றிக்கு உயர்த்தினான்.

எல்லாவற்றையும் குழந்தைகளுக்குச் சொல்லலாமா என்ற தயக்கம் பெற்றோர்களுக்கு உண்டாவது இயல்பு. ஆமச்சாடித் தேவன் என்னும் புலையர் தலைவருடைய கண்களில் எதிரிகள் சுண்ணாம்பைப் பூசினார்கள். சிற்றேடத்துச் சங்குப் பிள்ளை அடிபட்டு 1924-லேயே உயிர் துறந்தார். இவ்விரண்டையும் நாம் மறைக்கவில்லை, நீட்டிச் சொல்லவுமில்லை. புராணக் கதைகளில் அசுரர்கள் செய்யும் அக்கிரமங்களை விஸ்தாரமாகச் சொல்லித் தூங்க வைக்கிறோமே, மனிதர் செய்ததை மட்டும் மறைப்பது என்ன தர்மம்?

ஆனால் மற்றொரு விஷயத்தில் நாம் ஜாக்கிரதையாயிருந்தோம். வைக்கத்தில் தளவாக் குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதைத் தூர்த்த இடத்தில் பிற்காலத்தில் பஸ் நிலையம் ஏற்பட்டது. வேலுத்தம்பி தளவாயின் காலத்தில், அதாவது சத்தியாக்கிரகத்துக்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், கோவிலுக்குள் செல்ல முயன்ற ஈழவ இளைஞர்கள் பலர் வெட்டப்பட்டு அந்தக் குளத்தில் புதைக்கப்பட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சத்தியாக்கிரகத்துக்கோ, அந்நாளையக் கடிதங்களும் பத்திரிகைச் செய்திகளும் சர்க்கார் தஸ்தாவேஜுகளும் சாட்சி. ஆகவே குழந்தைகளிடம், "வீதிகளை மையால் வரையுங்கள், குளத்தைப் பென்சிலால் வரையுங்கள்" என்றோம். பையன், "அப்படியானால் குளம் பொய்யா?" என்று கேட்டான். பொய் என்றால் வரையவே வேண்டாமே! எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்ததுதான் தஸ்தாவேஜு. எழுத விடாதவர்களின் சரித்திரம் பெரும்பாலும் வாயில்தான் தங்கியிருக்கும். இரண்டையும் படத்தில் போட வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு கோடு போட வேண்டும்.

வைக்கத்தில் தமிழர்கள் தவறாமல் பார்க்கும் இடம் பெரியார் நினைவகம். தமிழ்நாட்டுச் சர்க்கார் கட்டி 1994-ல் திறந்தது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 2024 டிசம்பர் 12-ந் தேதி இரண்டு ராஜ்யங்களின் முதன் மந்திரிகளும் கலந்துகொண்ட விழாவில் மீண்டும் திறக்கப்பட்டது. வைக்கத்துத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறை புகுந்தபோது, தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராயிருந்த ஈ. வெ. ராமசாமிக்கு அழைப்புக் கடிதம் போயிற்று. 1924 ஏப்ரலில் அவர் வந்து சேர்ந்தார். திருவிதாங்கூர் மகாராஜா முன்பு ஈரோட்டில் தம்முடைய உபசரிப்பைப் பெற்றவராகையால், படகுத்துறையில் தம்மை வரவேற்கச் சமஸ்தான அதிகாரிகளே வந்திருந்தார்கள் என்று அவரே பிற்காலத்துப் பிரசங்கங்களில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. அந்த உபசாரம் நீடிக்கவில்லை. ஒரு மாதம் அருவிக்குத்திச் சிறையிலும், வெளியே வந்து மீண்டும் பிரசங்கம் செய்ததற்காக நான்கு மாதக் கடுங்காவலாகத் திருவனந்தபுரம் சிறையிலும் அவரை வைத்தார்கள். அவருடைய மனைவி நாகம்மையாரும் வந்து போராட்டத்தில் கலந்துகொண்டார். கோவை அய்யாமுத்துவும் வந்தார். மதுரையில் பாரிஸ்டராயிருந்து, குற்றப் பரம்பரைச் சட்டத்தால் வதைபட்ட மக்களுக்காக வாதாடி 'ரோசாப்பூ துரை' என்று பெயர் பெற்ற ஜார்ஜ் ஜோசப்பும் வைக்கத்தில் சிறை புகுந்தவர்தாம். நமது ஊர்க்காரர் பெயர் வந்ததும் குழந்தைகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் வளரும் பல குழந்தைகள், பெரியார் ஒருவரே வைக்கத்துக்குப் போய்த் தெருவைத் திறந்துவிட்டு வந்தார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கேரளத்திலோ அவரை நூறு பேரில் ஒருவராகச் சொல்லிக் கடந்து போகிறவர்களும் இல்லாமலில்லை. சரித்திரத்தை எல்லைக் கல் நாட்டிப் பங்கு போட்டுக் கொள்வதில் நமக்குச் சம்மதமில்லை. சத்தியாக்கிரகத் தொண்டர்களின் முகாமுக்கு இடம் கொடுத்தது ஸ்ரீ நாராயண குருவின் மடம். தொண்டர்களுக்குச் சோறு போடப் பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து சமையற்கூடம் அமைத்தார்கள். மகாத்மாவுக்கு அது உசிதமாகப் படவில்லை. ஹிந்துக்கள் தாங்களே செய்து தீர்க்க வேண்டிய பிராயச்சித்தம் இது என்பது அவருடைய கொள்கை. ஜார்ஜ் ஜோசப்பையும் அந்தக் காரணத்தைச் சொல்லியே அவர் விலகியிருக்கச் சொன்னார். இதில் மகாத்மாவின் கட்சிதான் சரியென்று குழந்தைகளிடம் நாம் சாதிக்கவில்லை. தெருவை மூடியபோது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, திறக்கும்போது மட்டும் சிலர்தான் சேரலாம் என்பது எப்படி என்று மூத்தவள் கேட்டாள். அது நல்ல கேள்வி. அந்தக் காலத்திலேயே பலர் கேட்ட கேள்வி.

மத்தியானத்துக்கு மேல் இண்டந்துருத்தி மனையைப் பார்க்கப் போனோம். மனை என்பது நம்பூதிரிகளின் இல்லம். கோவிலைச் சேர்ந்த சனாதனிகளின் தலைவராயிருந்த நம்பூதிரி இங்கேதான் வாழ்ந்தார். 1925 மார்ச்சு 10-ந் தேதி மகாத்மா அவரைத் தேடி இங்கே வந்தார். மகாத்மா வைசியர் ஆகையால் வீட்டினுள் அழைத்துப் போகாமல் வெளிப்புறத்தில் உட்கார வைத்தே பேசினார்கள். உலகமெல்லாம் போற்றிய மனிதரும் அந்த வாசற்படியில் பலகைக்கு வெளியே நின்றவர்தாம்! ஜாதி ஹிந்துக்களின் வாக்கெடுப்பு, மத்தியஸ்தம், சாஸ்திர விசாரணை என்று மூன்று யோசனைகளை மகாத்மா சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

காலம் எப்படியெல்லாம் சிரிக்கிறது, பாருங்கள்! அந்த மனை பிற்காலத்தில் விலைக்கு வந்தது. வாங்கியவர்கள் வைக்கம் தாலூகா கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தார். தென்னையில் ஏறிக் கள் இறக்குவது பெரும்பாலும் ஈழவர்களின் தொழில். எவருடைய நிழல் அந்தத் திசையில் படக் கூடாது என்று பலகை நாட்டினார்களோ, அவருடைய பேரப்பிள்ளைகளின் சங்கக் காரியாலயமாகிவிட்டது அந்த வீடு. குழந்தைகள் படத்தில் மனையைக் கட்டமாக வரைந்து, இரண்டு பெயர்களையும் அதன் கீழே எழுதிக் கொண்டார்கள்.

வைக்கத்துக்குச் சமீபத்தில் தலையோலப்பறம்பு என்ற ஊரில் பிறந்து, மலையாள இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற வைக்கம் முகம்மது பஷீர், அந்த 1925-ல் பள்ளி மாணவர். மகாத்மாவைப் பார்க்க வந்த கூட்டத்தில் இடித்துப் புகுந்து அவரைத் தொட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டார். தொடக் கூடாது என்பதே பேச்சாயிருந்த ஊரில் ஒரு சிறுவன் ஆசையோடு ஒருவரைத் தொட்ட கதை இது. கடைக்குட்டிக்கு அன்று கேட்ட கதைகளிலெல்லாம் இதுதான் மிகவும் பிடித்தது.

மாலையில் மேற்கு வீதியில் நடந்துகொண்டிருந்தபோது, அதுவரையில் நாம் எதிர்பார்த்தும் வராதிருந்த கேள்வியைப் பையன் கேட்டான்.

"மாமா, நாம் அப்போது இருந்திருந்தால் பலகைக்கு எந்தப் பக்கம் நின்றிருப்போம்?"

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றில் இதற்கு என்ன பதிலோ, அதையேதான் சொன்னோம். "நம்மை உள்ளே விட்டிருப்பார்கள். நம் கொள்ளுத் தாத்தா வந்திருந்தால், அங்கே பலகை இருப்பதைக் கவனிக்காமலே நடந்து போயிருப்பார்."

பையன் பேசாமல் நடந்தான். மூத்தவள்தான், "கோவிந்தப் பணிக்கரையுந்தான் உள்ளே விட்டார்கள்" என்றாள்.

இதற்கு மேல் நாம் என்ன உபதேசம் செய்ய முடியும்? உள்ளே இருந்தவர்களில் வெளியே வந்தவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்ல என்று மட்டும் சொன்னோம். 1924 நவம்பர் மாதம் மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் ஜாதி ஹிந்துக்களே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கால்நடையாகச் சென்றார்கள். தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றொரு கூட்டம் சென்றது. தெருக்களைத் திறந்துவிட வேண்டுமென்று 25,000-க்கும் மேற்பட்ட ஜாதி ஹிந்துக்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை ராஜப்பிரதிநிதியாயிருந்த மகாராணி சேது லக்ஷ்மி பாயிடம் சமர்ப்பித்தார்கள். 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர்ச் சட்டசபையில் இதற்கான தீர்மானம் வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு வோட்டு! வகுப்பில் தலைவர் தேர்தலில் ஒரு வோட்டினால் தோற்ற அனுபவம் மூத்தவளுக்கு உண்டாகையால், அந்தக் கணக்கை அவள் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

முடிவு எப்படி ஆயிற்று என்பதில் நமது பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் ஓடிவிடுகின்றன: சத்தியாக்கிரகம் வெற்றி பெற்றது, வீதிகள் திறக்கப்பட்டன. 1925 நவம்பர் 23-ந் தேதி சத்தியாக்கிரகம் முடிவுற்றபோது திறக்கப்பட்டவை வடக்கு, தெற்கு, மேற்கு ஆகிய மூன்று வீதிகள். கோவிலின் முன்வாசல் இருக்கும் கிழக்கு வீதி திறக்கப்படவில்லை. அந்த மாதம் நடந்த வெற்றிக் கூட்டத்தில் பெரியார் தலைமை வகித்தபோதும், காலையில் குழந்தைகள் தரிசனத்துக்கு நுழைந்தார்களே, அந்த வழியில் குஞ்ஞாப்பியும் பாகுலேயனும் நுழைய முடியாது. 1936 நவம்பர் 12-ந் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்ட பிறகுதான் நான்காவது வீதியும், கோவில் வாசலும் சேர்ந்து திறந்தன.

வைக்கத்தின் கதை வைக்கத்தோடு நிற்கவுமில்லை. 1926-ல் சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோவிலைச் சுற்றிய வீதிகளுக்காக அதே எம்பெருமாள் நாயுடு முதலானவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். 1956 வரையில் கன்னியாகுமரிச் சீமையும் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. பழைய தேசப்படத்தையும் புதிய தேசப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழிய, தமிழ்நாட்டுச் சுசீந்திரத்தில் திருவனந்தபுரத்து மகாராஜாவின் சட்டம் எப்படிச் செல்லுபடியாயிற்று என்பது குழந்தைகளுக்கு விளங்காது.

கோட்டயம் போகும் பஸ்ஸில், சுமார் 33 கிலோமீட்டர் தூரமும், படம் பூர்த்தியாகும் வேலை நடந்தது. பலகைகளை வரையலாமா, வேண்டாமா என்று முதலில் தர்க்கம். இப்போது இல்லாததை வரைவது தப்பு என்றான் பையன். பென்சிலால் வரையலாம் என்றாள் கடைக்குட்டி. பலகைக்குத்தான் தஸ்தாவேஜு இருக்கிறதே, மையால்தான் வரைய வேண்டும் என்று தீர்த்து வைத்தாள் மூத்தவள். அதன்படி நான்கு திசையிலும் நான்கு சிறிய பலகைகள் மையால் ஏறின. பிறகு வீதிகளுக்குப் பெயர் எழுதும் இடத்தில் அவள் வருஷத்தை எழுதினாள். வடக்கே 1925, தெற்கே 1925, மேற்கே 1925, கிழக்கே 1936.

"மீனாட்சி கோவிலுக்கு என்ன வருஷம் போடுவது?" என்றான் பையன். 1939 ஜூலை 8-ந் தேதி ஏ. வைத்தியநாதையர், பி. கக்கன் முதலியவர்களை அழைத்துக்கொண்டு கோவிலுக்குள் சென்றதைச் சொன்னோம். அவன் எழுதிக்கொண்டான்.

"நம் வீட்டுத் தெருவுக்கு?" என்றாள் கடைக்குட்டி.

அது நமக்குத் தெரியாது என்றோம். தெருக்கோடியில் இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கும் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும், ஊருக்குப் போனதும் அவரிடம் கேட்கப் போகிறேன் என்று சொல்லி, வருஷம் எழுதுவதற்கு இடம் விட்டுத் தெருவை மட்டும் பென்சிலால் வரைந்துகொண்டாள்.